வாத்தியமாகாமற் போன தண்டவாளம்

வட இலங்கையின் வன்னியில், ஸ்கந்தபுரத்தில் காலபோக நெல் கதிர் தள்ளி முற்றுகிற நாட்களில் வரம்பால் நடந்து போனால் ஒரு முனகல் கேட்கும். பழைய கசற்றுக்குள் இருந்து உருவியெடுத்த நாடாவைக் கம்புக்குக் கம்பு இழுத்துக் கட்டி, இடையில் ஒரு முறுக்கும் விட்டிருப்பார்கள். வாடைக்காற்று பட்டதும் அது வெயிலில் மின்னிக்கொண்டு இரையும். குருவிக் கூட்டம் கிட்ட வராது. அந்த நாடாவில் ஒருகாலம் சீர்காழியோ சௌந்தரராஜனோ குடியிருந்திருப்பார். பாட்டைச் சுமந்து தேய்ந்த நாடா இப்போது தானே பாடுகிறது. வயற்காரரிடம் போய் இது ஒரு வாத்தியம் என்று சொன்னால் சிரிப்பார். சிரிக்கத் தேவையில்லை என்பது என் கட்சி. ஆனால் அவர் சிரிப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

வீட்டுச் சாமானிலும் குப்பையிலும் இருந்து செய்த இசைக்கருவிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் அநேகமாக வேடிக்கை காட்டுவதோடு நின்றுவிடுகிறார்கள். கரட்டில் புல்லாங்குழல், வாளியில் மேளம், மரம் அரியும் வாளை வில்லால் வருடினால் அழுகிற பெண் குரல் என்று அடுக்கிக்கொண்டு போவார்கள். தட்டினால் சத்தம் வராத பொருள் உலகத்தில் எது? அப்படியிருக்க ஒரு மண்குடம் கடமாகிக் கச்சேரி மேடை ஏறுகிறது. ஒரு எண்ணெய்ப் பரல் ஒரு நாட்டின் தேசிய வாத்தியமாகிறது. வன்னியிலோ பேணியும் பரலும் தண்டவாளத் துண்டும் இத்தனை வருடம் ஒலித்தும், அவற்றில் ஒன்றுகூட வாத்தியம் என்று பேர் எடுக்கவில்லை. இந்த வித்தியாசம் எங்கே விழுகிறது என்பதுதான் என் கேள்வி.

கசற் நாடாவுக்குப் பாட்டன் பூட்டன் உண்டு. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தினைப்புனம் காக்கும் பெண்கள் கையில் தழல், தட்டை, குளிர் என்று மூன்று கருவிகள் இருக்கின்றன. தழல் என்பது சுற்றும்போது ஓசை எழுப்புவது. தட்டை என்பது மூங்கிலைக் கண்ணுக்குக் கண் நறுக்கிப் பலவாகப் பிளந்து, ஒன்றில் அடிக்க ஓசை தருவது. கிளி ஓட்டத்தான் இவை. ஆனாலும் பெயர் வைத்திருக்கிறார்கள், செய்முறை இருந்திருக்கிறது, உரைகாரர் அதை விளக்கி எழுதவும் முடிந்திருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் இன்னும் ஒரு படி மேலே. மாடு மேய்க்கிறவன் தீக்கடைகோலால் மூங்கிலைச் சுட்டுத் துளையிட்டுக் குழல் செய்து ஊதுகிறான். அது அலுத்ததும் உள்துளையுள்ள குமிழங் கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி வில்யாழ் செய்துவிடுகிறான். மரலை எங்கள் பக்கத்தில் மருள் என்பார்கள். பற்றைக் காடுகளில் கிடக்கிற சாதாரணச் செடி. காட்டில் கையில் அகப்பட்டதைக் கொண்டு வாத்தியம் செய்தவனைப் பற்றி இவ்வளவு துப்புரவான குறிப்பு வேறெந்தப் பழைய இலக்கியத்திலும் எத்தனை கிடைக்கும் என்று எனக்குச் சந்தேகம். காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் 1947இல் வெளிவந்த யாழ் நூலில் பழந்தமிழர் யாழ் முழுவதையும் திரும்பக் கட்டி எழுப்பப் பார்த்தபோது, தொடங்கிய இடமும் இந்த வில்தான்.

பிள்ளைகள் செய்கிறதை அதிகம் விரிக்கத் தேவையில்லை. வாசிக்கிற நீங்களே செய்திருப்பீர்கள். பூவரசம் இலையைச் சுருட்டி நுனியை நசுக்கினால் பீப்பி. பப்பாசி இலைக் காம்பு இயற்கையாகவே குழல். சோடா மூடியைத் தட்டையாக்கி இரண்டு துளை போட்டு நூல் கோத்து இழுத்தால் 'விர்' என்ற இரைச்சல். சங்ககாலத் தழலின் ஒன்றுவிட்ட பேரன் என்று சொல்லலாம். இவற்றுக்கெல்லாம் ஆயுள் ஒரு பின்னேரம். இலை வாடினால் பாட்டு முடிந்தது.

ஒன்று மட்டும் வாடுவதில்லை: பட்டத்தில் பூட்டுகிற விண். வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று நடக்கும் பட்டப்போட்டியின் படங்களை இப்போது உலகம் பூராவும் பார்க்கிறது. படத்தில் விண்ணின் சத்தம் வராதது பெரிய குறை. மூங்கில் அல்லது கமுகஞ் சிலாகையை வில்லாக வளைத்து, நாணுக்குப் பதிலாகப் பனை மட்டையில் உரித்துச் சீவிய தட்டை நாரை விறைப்பாக இழுத்துக் கட்டிப் பட்டத்தின் தலைப்பக்கத்தில் பூட்டுவார்கள். பிறகு வந்த காலத்தில் பெட்டி கட்டுகிற பிளாஸ்ரிக் நாடா பனை நாரின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. பட்டம் ஏறியதும் காற்று அந்த நாடாவை முறுக்கும். நாடா திமிறித் திரும்பும். திரும்பியதைக் காற்று மறுபடி முறுக்கும். ஒரு நொடியில் எத்தனையோ தடவை நடக்கும் இந்தப் பிடுங்குப்பாடுதான் கூவலாக இறங்கி வருகிறது. வயலில் கசற் நாடா இரைவதும் இதே தத்துவம்தான்.

ஆனால் வயற்காரர் நாடாவைக் கட்டிவிட்டுப் போய்விடுவார். விண்காரர் போகமாட்டார். நாரை இன்னும் ஒரு மயிரளவு சீவுவார், வில்லை இன்னும் கொஞ்சம் வளைப்பார், கையில் பிடித்துக் காற்றுக்கு வீசிப் பார்ப்பார், காது கொடுப்பார், திரும்பவும் சீவுவார். இரவு முழுக்கப் பனையில் கட்டி விடுகிற இராக்கொடியில் எந்த விண் யாருடையது என்று படுக்கையில் கிடந்தபடியே சொல்லுகிறவர்கள் இருந்தார்கள். விண் நன்றாகக் கூவுகிறது, அடைத்துக் கூவுகிறது, பிசிறு தட்டுகிறது என்று தீர்ப்புச் சொல்ல ஊரில் காதுகள் இருந்தன. ஒரு பொருள் வாத்தியமாவதற்கு என் கணக்கில் இதுதான் எல்லைக்கல்: அது சரியாக ஒலிக்கிறதா, பிழையாக ஒலிக்கிறதா என்று சண்டை பிடிக்க ஆட்கள் வேண்டும். குருவி விரட்டுகிற நாடாவைப் பற்றி அப்படி ஒருவரும் சண்டை பிடிப்பதில்லை. வயற்காரர் சிரித்ததன் நியாயம் அதுதான்.

பட்டத்தில் வில் பூட்டிப் பாடவைப்பது எங்களுக்கு மட்டும் உரியதல்ல. கம்போடியாவில் க்ளெங் ஏக் என்ற பட்டம் இப்படித்தான் பாடுகிறது. பாலித் தீவுப் பட்டங்களின் வில்லுக்கு குவாங்கான் என்று பேர். வல்வெட்டித்துறை இருக்கிற வடமராட்சியின் கடலோடிகள் போய்வந்த கிழக்குத் திசைகளை நினைத்தால் யார் யாரிடம் கற்றார்கள் என்று கேட்கத் தோன்றும். தோன்றட்டும், பதில் சொல்லும் தைரியம் எனக்கில்லை.

தமிழ் மரபு இசைக்கருவிகளைத் தோல், துளை, நரம்பு, கஞ்சம், மிடறு என்று பிரிக்கும். இந்தப் பிரிவுக்குள் மண்குடத்தை எங்கே வைப்பது? தோலும் இல்லை, நரம்பும் இல்லை, வெண்கலமும் இல்லை. அடுக்களைச் சாமான் ஒன்று அழைப்பில்லாமல் பந்தலுக்குள் வந்திருக்கிறது. ஆனால் வந்த பிறகு அதற்குக் கிடைத்த மரியாதையைப் பாருங்கள். சிவகங்கை மாவட்டத்து மானாமதுரையில் கடம் வனைகிறவர்கள் தண்ணீர்க் குடத்துக்குப் பிசைகிற மண்ணைக் கடத்துக்குப் பிசைவதில்லை. மண் கலவை வேறு, சுவரின் தடிப்பு வேறு. எங்கே தட்டினாலும் ஒரே நாதம் வரும்வரை பலகையால் தட்டித் தட்டிச் சுவரைச் சமன்படுத்துகிறார்கள். சூளையில் வெந்து வந்த பிறகு கடத்தின் சுருதி அநேகமாக முடிந்த காரியம். அதனால்தான் வித்துவான் வீட்டில் சுருதிக்கு ஒன்றாகக் கடங்கள் அடுக்கியிருக்கும். விக்கு விநாயக்ராம் 1970களில் சக்தி குழுவோடு உலக மேடைகளில் அதை வாசித்தார். மிக்கி ஹார்ட்டின் பிளனற் டிரம் இசைத்தட்டு 1992இல் கிராமி விருது பெற்றபோது அதிலும் அந்தக் கடத்தின் ஒலி இருந்தது. சுகன்யா ராம்கோபால் சுருதி வேறுபட்ட பல கடங்களை வரிசையாக வைத்துக் கடதரங்கம் என்று இராகமே வாசித்துவிட்டார். எங்கள் வில்லுப்பாட்டிலும் குடம் உண்டு. யாழ்ப்பாணத்தில் சின்னமணி என்று ஊரறிந்த கணபதிப்பிள்ளையின் மேடைகளில் வில்லுக்குப் பக்கத்தில் அது உட்கார்ந்திருந்தது. ஆனால் வில்லுப்பாட்டுக் குடம் தாளத்தோடு திருப்திப்பட்டுவிட்டது, கடம் திருப்திப்படவில்லை.

ஜலதரங்கம் இன்னும் வேடிக்கை. தேநீர் குடிக்கிற இனத்துப் பீங்கான் கிண்ணங்கள், தண்ணீர், இரண்டு மெல்லிய மூங்கிற் குச்சி. கிண்ணத்தில் தண்ணீர் கூடக் கூடச் சுருதி இறங்கும். சோடாப் போத்தலை ஊதுகிற பிள்ளைக்கு இது தலைகீழாகப் படும், ஏனென்றால் போத்தலில் தண்ணீர் கூடினால் சுருதி ஏறும். காரணம் எளிது. போத்தலில் ஒலிப்பது உள்ளே இருக்கிற காற்று. தண்ணீர் அந்தக் காற்றின் இடத்தைக் குறுக்குகிறது. கிண்ணத்தில் ஒலிப்பது பீங்கான் சுவர்; தண்ணீர் அதற்குப் பாரமேற்றி அசைவை மெதுவாக்குகிறது. ஒரே தண்ணீர், இரண்டு நீதி. ஆனையம்பட்டி கணேசன், சீதா துரைசாமி போன்றவர்கள் கமகம் கொடுக்க லேசில் இடம்தராத இந்தக் கிண்ணங்களில் கர்நாடக இசையைப் பழக்கியெடுத்தார்கள். இருந்தும் ஜலதரங்கம் அரைவாசி தூரம்தான் வந்தது என்பேன். கிண்ணங்களைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவதும், மேடையில் சொட்டுச் சொட்டாகச் சுருதி சேர்ப்பதும் லேசான வேலையல்ல. அடுத்த தலைமுறை தயங்கியதில் ஆச்சரியமில்லை.

சிரட்டைக்கு நல்ல காலமும் கெட்ட காலமும் சேர்ந்தே வாய்த்தன. தமிழ்நாட்டுக் கடற்கரைகளிலும் திருவிழாக்களிலும் கொட்டாங்கச்சி வயலின் விற்கிறவர் அதில் சினிமாப் பாட்டை அச்சொட்டாக வாசிப்பார். வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற பிள்ளையிடம் அது கீச்சிடும். அதே சிரட்டை ராஜஸ்தானில் ராவணஹத்தா என்ற பேரில் பாபுஜியின் கதையைப் பாடும் போபா என்ற நாட்டுப் பாடகர்களின் கையில் கௌரவமாக இருக்கிறது. பேரைக் கவனியுங்கள்: இலங்கை வேந்தன் செய்த வாத்தியம் என்பது அவர்களது ஐதிகம். ஐதிகம் எப்படியும் போகட்டும். தென்னை ஏறுகிற எங்களுக்கு அந்த வாத்தியம் இல்லாமற் போனதுதான் வயிற்றெரிச்சல்.

இனி எண்ணெய்ப் பரல். திரினிடாட்டில் 1880களில் ஆங்கில ஆட்சி, ஆபிரிக்க வழிவந்தவர்களின் மேளங்களுக்குத் தடை போட்டது. அவர்கள் மூங்கிற் குழாய்களை நிலத்தில் குத்தித் தாளம் போட்டார்கள். 1930களில் பிஸ்கற் தகரம், பெயின்ற் தகரம், குப்பைத்தொட்டி என்று கையில் கிடைத்ததெல்லாம் ஊர்வலத்துக்கு வந்தது. அடித்து அடித்து ஒடுங்கிப்போன தகரத்தில், ஒடுங்கிய இடம் ஒரு சுரமும் ஒடுங்காத இடம் இன்னொரு சுரமும் தருவதைச் சில இளைஞர்கள் கண்டுகொண்டார்கள். வின்ஸ்டன் ஸ்பிரீ சைமன், எலி மானெற் ஆகியோரின் பேர்கள் இந்தக் கதையில் தவறாமல் வரும். உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கத் தளங்கள் வந்தன. 55 கலன் பரல்கள் மலிந்தன. பரலின் தலையைச் சுத்தியலால் குழித்து, சுரத்துக்கு ஒரு பாத்தி கட்டி, நெருப்பில் காட்டி, திரும்பவும் தட்டிச் சுருதி சேர்த்தார்கள். அக்காலத்தில் பரல் அடிக்கிறவன் என்றால் ரவுடி. கோஷ்டிக்குக் கோஷ்டி தெருவில் வெட்டுக்குத்தும் நடந்தது. அந்தப் 'பொடியங்களில்' தேர்ந்தெடுத்த குழு ஒன்று 1951இல் இலண்டனில் பிரித்தானியப் பெருவிழாவுக்குப் போய் வாசித்தது. 1992இல் ஸ்ரீல்பான் என்று பேரெடுத்த அந்தப் பரல் தேசிய வாத்தியமாயிற்று; 2023இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஓகஸ்ட் 11ஐ உலக ஸ்ரீல்பான் தினமாக அறிவித்தது. அதே தீவுக்கு 1845 முதல் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட இந்தியர்கள், எஃகுத் தண்டையும் லாட வடிவ இரும்பையும் தண்டால் என்ற தாளக்கருவியாக்கி இன்றைக்கும் பஜனையில் தட்டுகிறார்கள்.

பராகுவேயில் கத்தேயூரா என்ற குப்பைமேட்டுப் பிள்ளைகளுக்கு 2006 முதல் ஃபாவியோ சாவேஸ் இசை கற்பித்தார். கோலா என்று அழைக்கப்பட்ட நிக்கொலாஸ் கோமெஸ் எண்ணெய்த் தகரத்தில் வயலினும் பரலில் செலோவும் செய்து கொடுத்தார். எக்ஸ்ரே படத்தாளில்கூட மேளத்தோல் கட்டினார்கள். இங்கே பொருள் புதிது, சுருதியும் பாட்டும் பழையவை. கேட்கிறவர்களுக்கு மொசார்ட் முன்பே தெரியும். வியன்னாவின் மரக்கறி இசைக்குழு 1998 முதல் கரட்டும் பூசணியும் லீக்சும் வாசித்து வருகிறது. கச்சேரி முடிந்ததும் சபையோருக்குச் சூப். நல்ல பகிடி. பப்பாசிக் காம்பு ஊதிய எங்களுக்கு அவர்கள் தம்பிமுறை.

மெக்சிக்கோவின் பெத்ரோ ரெயெஸ் 2012இல், அழிக்கப்பட்ட 6,700 ஆயுதங்களின் இரும்பிலிருந்து வாத்தியங்கள் செய்தார். கொலம்பியாவின் சேசர் லோபெஸ் 2003இல் துவக்கைக் கிற்றாராக்கினார். இவற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வன்னி நினைவு வரும். இரும்புக்கு இங்கே என்ன பஞ்சம்? ஆனால் 2009இல் போர் முடிந்த பிறகு மீளக்குடியேறிய பிள்ளைகளுக்குப் பாடசாலையில் முதலில் சொல்லிக்கொடுத்த பாடங்களில் ஒன்று, கண்ட பொருளைத் தொடாதே என்பது. மண்ணில் கிடக்கிற தகரம், குழாய், பந்து மாதிரி ஒன்று எதையும் எடுக்காதே, தட்டாதே, பெரியவர்களுக்குச் சொல் என்றார்கள். மிதிவெடி அபாயக் கல்வி என்று அதற்குப் பேர். எடுத்துத் தட்டிப் பார்ப்பதுதான் இந்தக் கலையின் அரிச்சுவடி. அந்த அரிச்சுவடியே இங்கே உயிராபத்தாக இருந்தது.

அதற்கு முந்திய காலம் வேறு மாதிரி. 1990 யூனில் சண்டை திரும்பவும் தொடங்கியதும் பொருளாதாரத் தடை வந்தது. மின்சாரம் போனது, பற்றரி தடைப் பொருளானது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவில் றேடியோவும் கசற்றும் கேட்டார்கள். ஒருவர் பெடலைச் சுற்ற மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்பார்கள். சுற்றுகிறவருக்குக் கை சோர்ந்தால் கசற் இழுபடும். பாடகர் ஒரு கட்டைக்குக் கீழே இறங்கிப் போவார். 'டேய், சுத்தடா' என்றதும் திரும்ப ஏறுவார். சுருதி என்றால் என்னவென்று அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கை நோவாகத் தெரியும். சைக்கிளைச் சுருதிப்பெட்டியாக்கிய ஊர்கள் உலகத்தில் எத்தனை இருக்கின்றன?

தண்டவாளம் அதே யூன் மாதத்துக் கதை. வடபகுதி ரயில் நின்றது. சிலிப்பர் கட்டைகளும் தண்டவாளங்களும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. மிஞ்சிய துண்டுகள் பள்ளிக்கூட மணியாக மரங்களில் தொங்கின. இரும்புக் கம்பியால் ஓங்கித் தட்டினால் நாதம் நெடுநேரம் நிற்கும். தண்டவாள எஃகு அப்படிப்பட்டது. இதில் ஒரு கணக்கு இருக்கிறது. நரம்பைப் பாதியாக்கினால் ஒரு ஸ்தாயி ஏறும். இருபுறமும் கட்டில்லாத தண்டைப் பாதியாக்கினால் இரண்டு ஸ்தாயி ஏறும், ஏனென்றால் தண்டின் சுருதி நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்மாறாகப் போகிறது. ஒரு மீற்றர் நீளமான மெல்லிய இரும்புத் தண்டு சட்ஜம் தந்தால், ஏறத்தாழ 82 சென்ரிமீற்றர்த் தண்டு பஞ்சமம் தரும்; 71 சென்ரிமீற்றர் மேற்சட்ஜம் தரும். நுனியிலிருந்து நீளத்தின் 22 சதவீதத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டால் நாதம் அடங்காமல் நிற்கும். இரும்பு அறுக்கிற வாளும் அரமும் பொறுமையும் இருந்தால் ஏழு துண்டில் ஒரு மோகனமோ சங்கராபரணமோ ஏறியிருக்கும்.

பொறுமை இருந்தது, இருக்க இடம் இருக்கவில்லை. 1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்து வலிகாமம் பெயர்ந்தது, அதில் பெருந்தொகையானவர்கள் வன்னிக்கு வந்தார்கள். 1996இல் கிளிநொச்சி நகரம் பெயர்ந்து அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி என்று ஒதுங்கியது. பள்ளிக்கூடங்கள் மரநிழலில் நடந்தன. 2008 கடைசியில் ஸ்கந்தபுரமே எழும்பிக் கிழக்கே நடந்தது. பிறகு செட்டிகுளத்து முகாம். அந்த மெனிக் பாம் முகாம் 2012 செப்ரெம்பரில்தான் மூடப்பட்டது. திரினிடாட்டுப் பொடியன் ஒரே முற்றத்தில் இருந்து பத்து வருடம் ஒரே பரலோடு மல்லுக்கட்டினான். மானாமதுரைக் குயவருக்குத் தலைமுறை தலைமுறையாக ஒரே கண்மாய். விண்காரருக்கு வருடா வருடம் அதே வாடை, அதே பனை. எங்கள் தண்டவாளத் துண்டை யாராவது ஒருவர் காது கொடுத்துத் தட்டத் தொடங்கும்போது பொட்டலம் கட்டச் சொல்லிவிட்டார்கள். கற்பனை வறட்சி, இரசனைக் குறைவு என்று இதற்கு வேறு காரணம் சொல்லுகிறவர்களை நான் ஏற்பதில்லை. மண்டையில் கற்பனை இல்லாதவர்களா தடைக் காலத்தில் ஜாம் போத்தலில் விளக்குச் செய்தார்கள்?

இந்தியாவின் இர்கொன் நிறுவனம் திரும்பப் போட்ட பாதையில் 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சிக்கும் 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும் ரயில் வந்துவிட்டது. இனித் தண்டவாளத் துண்டு வேண்டாம். மின்சார மணி வந்தாயிற்று, வராத இடங்களுக்கும் வரும். பழைய துண்டைக் கழற்றி இரும்பு வாங்குகிறவரிடம் நிறுத்துக் கொடுக்க இருக்கிற பாடசாலை அதிபர்களிடம் ஒன்று கேட்கிறேன். கொடுப்பதற்கு முதல் ஒரு பிள்ளையைக் கொண்டு அதைத் தட்டுவித்துக் கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். அளவுநாடா வைத்து நீளத்தைக் குறியுங்கள், எந்த வருடம் எந்த மரத்தில் தொங்கியது என்றும் எழுதுங்கள். முடிந்தால் இரும்பைக் கொடுக்காதீர்கள். பக்கத்துப் பாடசாலைத் துண்டோடு சேர்த்துத் தட்டிப் பாருங்கள்.